நாவும் குறிப்பேடும்

1663ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி லண்டன் லம்பார்ட் தெருவில் இருந்த ராயல் ஓக் என்ற மதுச்சாலையில் சாமுவேல் பீப்ஸ் பிரெஞ்சு ஒயின் குடித்தார். கடற்படை அலுவலக அதிகாரி. வயது முப்பது. அன்றாடம் நடந்ததை எல்லாம் சுருக்கெழுத்தில் எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவர். அன்றும் எழுதினார். ‘ஹோ பிரயன்’ என்ற ஒயினைக் குடித்ததாகவும், நல்ல சுவை, அதுவும் இதுவரை தான் எங்கும் கண்டிராத தனிச்சுவை என்றும் நாட்குறிப்பில் பதிந்துவைத்தார். போர்தோ நகருக்கு அருகே உள்ள ஓ-பிரியோன் தோட்டத்தைத்தான் அவர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். ஒரு குறிப்பிட்ட தோட்டத்தின் பெயரைச் சொல்லி எழுதப்பட்ட சுவைக்குறிப்புகளில் நமக்குக் கிடைப்பவற்றுள் இது மிகப் பழையவற்றில் ஒன்று.

லம்பார்ட் தெரு இன்று வங்கிகளின் தெரு. நான் ஆலோசகராகப் போய்வந்த அலுவலகங்களில் இரண்டு அதைச் சுற்றித்தான் இருந்தன. மதிய உணவு இடைவேளையில் சாண்ட்விச்சோடு அந்தச் சந்துகளில் நடந்திருக்கிறேன். மதுச்சாலையின் சுவடு ஏதும் இல்லை. ஆனால் பழைய பிரெஞ்சுச் சிவப்பு ஒயினைச் சுவைத்து மதிப்பிடுவது என்ற வினோதமான கலை வளர்ந்த இடத்தைத் தேடுகிறவர், பிரான்சுக்குப் போவதற்கு முன் இந்த ஒரு சதுர மைல் நகரத்தைச் சுற்றிப்பார்ப்பது நல்லது. திராட்சையை வளர்த்தது பிரான்ஸ், வயதான ஒயினைப் பற்றிப் பேசவும் எழுதவும் விலை வைக்கவும் கற்றுக்கொண்டது பெரும்பாலும் லண்டன்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. பீப்ஸ் குடித்தது பழைய ஒயின் அல்ல, இளம் ஒயின். ‘பழைய ஒயின்’ என்று சொன்னால் அவர் முகம் சுளித்திருப்பார்.

1152இல் அக்கித்தேனின் எலினோர் ஹென்றியை மணந்தாள். இரண்டு ஆண்டு கழித்து அவன் இங்கிலாந்தின் அரசனானான். அதிலிருந்து 1453 வரை, முந்நூறு ஆண்டுகள், போர்தோ ஆங்கில முடியின் கீழ் இருந்தது. இலையுதிர்காலத்தில் அறுவடை முடிந்ததும் கப்பல்கள் கூட்டமாகக் கிளம்பி வரும். 1308-09 வணிக ஆண்டில் மட்டும் ஒரு லட்சம் டன்னுக்கு மேல் ஒயின் போர்தோவிலிருந்து வெளியே போயிருக்கிறது. டன் அப்போது எடையின் பெயரல்ல, ஏறத்தாழ 900 லிட்டர் கொள்ளும் பெரும் பீப்பாயின் பெயர். கப்பலின் கொள்ளளவை இந்தப் பீப்பாய்க் கணக்கில் அளந்த பழக்கத்திலிருந்துதான் நாம் இன்று அரிசிக்கும் சிமென்ட்டுக்கும் சொல்லும் டன் வந்தது. ஒயின் வணிகர் சங்கத்துக்கு 1363இல் அரசரின் சாசனம் கிடைத்தது. தேம்ஸ் கரையில் அவர்களுடைய மண்டபம் இன்றும் இருக்கிறது.

இத்தனை வணிகத்திலும் புது ஒயினுக்குத்தான் மதிப்பு. பீப்பாயில் இருக்கும் ஒயின் காற்றுப் பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் காடியாகிக்கொண்டிருக்கும். அடுத்த ஆண்டுக் கப்பல் வந்து சேர்ந்ததும் போன ஆண்டுச் சரக்கின் விலை விழும், யாரும் சீண்டாவிட்டால் கொட்டிவிட வேண்டியதுதான். நம் ஊர்ப் பதநீரைப் போல நினைத்துக்கொள்ளுங்கள், கணக்கு மட்டும் மணியில் இல்லாமல் மாதத்தில். வயது அன்று ஒயினின் நோய்.

அதை மாற்றியது கண்ணாடி. ஜேம்ஸ் மன்னர் 1615இல் கண்ணாடி உலைகளில் விறகு எரிக்கத் தடை விதித்தார். கப்பல் கட்ட மரம் வேண்டியிருந்தது. உலைக்காரர்கள் நிலக்கரிக்கு மாறினார்கள். நிலக்கரியின் சூடு அதிகம், அதில் வந்த கண்ணாடி கனமாகவும் கறுத்தும் உறுதியாகவும் இருந்தது. இந்தப் பாட்டிலுக்குக் கார்க் மரப்பட்டையில் செய்த மூடியை இறுக்கி அடைக்க முடிந்தது. முதலில் வெங்காயம் போல உருண்டையாக இருந்த பாட்டில் பதினெட்டாம் நூற்றாண்டில் மெல்ல மெல்ல நீண்டு உருளையாகி, படுக்கவைக்க வசதியானது. படுக்கவைத்தால் ஒயின் கார்க்கை நனைத்துக்கொண்டே இருக்கும், கார்க் காயாது, காற்று புகாது. கப்பலுக்கு மரம் சேமிக்கப் போட்ட ஓர் உத்தரவு, ஒயினுக்கு முதுமை என்ற ஒன்றைக் கொடுத்துவிட்டது. வரலாற்றில் எனக்குப் பிடித்த வகைக் காரணகாரியம் இது, யாரும் திட்டமிடாதது.

ஓ-பிரியோனின் உரிமையாளர்களான போன்தாக் குடும்பம் வணிகம் தெரிந்தது. 1666இல் பெருந்தீ லண்டனை எரித்த பிறகு அந்தக் குடும்பத்தின் மகன் இங்கே வந்து, லம்பார்ட் தெருவுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஆப்சர்ச் சந்தில் ‘போன்தாக் தலை’ என்ற பெயரில் உணவகம் திறந்தார். பெயர்ப்பலகையில் அப்பாவின் முகம். மற்ற ஒயின் இரண்டு ஷில்லிங் விற்ற காலத்தில் இவருடைய பாட்டில் ஏழு ஷில்லிங் என்பார்கள். ராயல் சொசைட்டி அறிஞர்கள் தங்கள் ஆண்டு விருந்தை நெடுங்காலம் அங்குதான் வைத்துக்கொண்டார்கள். தத்துவவாதி ஜான் லாக் 1677இல் பிரான்சில் இருந்தபோது ஓ-பிரியோனுக்கே போய் நின்று பார்த்தார். வெண்மணலும் சரளையும் கலந்த மண், பக்கத்தில் வாய்க்கால் தாண்டினால் வேறு மண் வேறு சுவை, பணக்கார ஆங்கிலேயர்கள் என்ன விலையானாலும் அனுப்பு என்று எழுதுவதால் விலை ஏறிக்கிடக்கிறது என்றெல்லாம் குறித்துக்கொண்டு வந்தார். அறிவு புலன்களின் வழியாகத்தான் வருகிறது என்று பின்னால் பெரிய நூலாக எழுதப்போகிறவர், நாக்கை நம்பித் தோட்டம் வரை நடந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு ஐம்பது அறுபது ஆண்டுகளை வேகமாகக் கடக்கலாம். பிரான்சோடு போர் நடந்த ஆண்டுகளில் கடலில் பிடிபட்ட கப்பல்களின் ஒயின், லண்டன் காபிக்கடைகளில் ஏலம் போனது. லஃபீத், மார்கோ, லத்தூர் என்ற பெயர்கள் அரசாங்க கெஜட் விளம்பரங்களில் எழுத்துப் பிழைகளோடு அச்சேறின. 1703இல் போர்ச்சுகலோடு செய்த ஒப்பந்தம் பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்த வரியை போர்ட் ஒயினுக்குக் கொடுத்தது. நடுத்தர வர்க்கம் போர்ட்டுக்குப் போனது, கிளாரெட் மேல்தட்டின் பானமாக நின்றது. 1855இல் போர்தோத் தரகர்கள் தோட்டங்களை ஐந்து படிகளாக வகுத்தார்கள். யாரும் உட்கார்ந்து சுவைத்துப் பார்த்துப் போட்ட பட்டியல் அல்ல அது, பல ஆண்டுகளாகச் சந்தை கொடுத்துவந்த விலையின் பட்டியல். அந்தச் சந்தையில் லண்டனின் கை பெரியது.

கிளாரெட் என்ற சொல்லை விளக்காமலே பயன்படுத்திவிட்டேன். போர்தோவின் சிவப்பு ஒயினுக்கு ஆங்கிலேயர் மட்டும் வழங்கும் பெயர் அது. ‘கிளெரே’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் மருவு. தெளிந்தது, வெளிர்நிறமானது என்று பொருள். இந்தியாவுக்கு வந்த கம்பெனிக்காரர்கள் வேலையாட்களின் வாயில் ‘லால் ஷராப்’ என்று கேட்டு அதை ‘லோல் ஷ்ரப்’ என்று தங்கள் பேச்சில் சேர்த்துக்கொண்டார்கள். அது வேறு கதை. ‘தெளிந்தது’ என்ற பொருளுக்கு மட்டும் பிறகு திரும்பி வருகிறேன்.

வயது ஒயினை என்ன செய்கிறது என்பதற்கு ஸ்காட்லாந்தின் க்ளாம்ஸ் கோட்டைக் கதையைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. 1870ஆம் ஆண்டு விளைந்த லஃபீத்தை இரட்டைப் பாட்டில்களில் வாங்கி அந்தக் கோட்டையின் நிலவறையில் அடுக்கினார்கள். கோட்டைப் பிரபுவுக்கு அது பிடிக்கவில்லை. வாயைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு. அப்படியே விட்டுவிட்டார்கள். தலைமுறைகள் போயின. 1971இல் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தின் மைக்கேல் பிராட்பென்ட் அங்கே போனபோது நாற்பதுக்கு மேற்பட்ட பாட்டில்கள் தொடப்படாமல் கிடந்தன. லண்டனில் ஏலம் விடப்பட்டன. நூறு வயதில் அந்த ஒயின் மிகச் சிறந்த நிலையில் இருந்ததாக அவர் எழுதினார். பிரபுவைத் துரத்திய அதே துவர்ப்புதான் அதை நூறு ஆண்டு உயிரோடு வைத்திருந்தது.

டானின் என்பது திராட்சையின் தோலிலும் விதையிலும் இருப்பது. நம் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் வாய் வறண்டு இறுகுவது போல் இருக்கும். பாட்டிலுக்குள் ஆண்டுகள் போகப்போக டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்றும் நிறமிகளோடும் கோத்துக்கொண்டு பெரிதாகி, கனம் தாங்காமல் அடியில் வண்டலாகப் படிகின்றன. அதனால்தான் பழைய ஒயினின் துவர்ப்பு மெத்தென்று ஆகிறது, நிறம் வெளுக்கிறது. பாட்டிலை ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, மெழுகுவத்தி வெளிச்சத்தின் முன்னால் கழுத்தைப் பிடித்து, வண்டல் கழுத்தை எட்டும் வரை மட்டும் வேறு குடுவைக்கு மெதுவாகச் சாய்த்து ஊற்றுவது இதற்காகத்தான். பார்க்கச் சடங்கு போல இருக்கும். நம் வீட்டில் புளிக்கரைசலைத் தெளிய வைத்து மேலாக இறுப்பார்களே, அதே வேலை.

சில ஆண்டுகளுக்கு முன் பெர்மன்ட்சே தெருவில் உள்ள ஒயின் கல்வி அறக்கட்டளையின் பள்ளியில் மாலை வகுப்பில் சேர்ந்தேன். நான் படிக்க வந்த நாட்களில் சிக்கனத்துக்குக் குடித்த மூன்று பவுண்டு ஒயினுக்கும் இதற்கும் என்ன உறவு என்று தெரிந்துகொள்ளும் ஆசை. முதல் வாரங்களில் ஒன்றில் ஆசிரியை கைப்பையும் துவர்ப்பையும் பிரித்துக் காட்டப் பெரும்பாடு பட்டார். குளிர்ந்த கட்டைத் தேநீரைக் கொடுத்தார், வாழைத்தோலை நக்கிப்பாருங்கள் என்றார். பிரிட்டிஷ் மாணவர்கள் பலர் இரண்டையும் ‘கசப்பு’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் அதற்குச் சொல் உண்டு, ஆனால் அது முகப்பூச்சுப் புட்டியில் இருக்கும் சொல், சாப்பாட்டு மேசையில் புழங்குவது அல்ல. எனக்கு வியப்பாக இருந்தது. வாழைப்பூவும் நாவல்பழமும் பாக்கும் தின்று வளர்ந்த எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் துவர்ப்பு ஆறு சுவைகளில் ஒன்று. நாவல்பழம் தின்றபின் நாக்கை நீட்டி யாருடையது அதிக ஊதா என்று பார்க்கும்போதே பாடம் முடிந்துவிடுகிறது. நவீன அறிவியல் துவர்ப்பைச் சுவை என்றே ஒப்புக்கொள்வதில்லை, தொடுவுணர்வு என்கிறது. இருக்கட்டும். அதற்கு அன்றாடப் பெயர் வைத்திருப்பது யார் என்பதுதான் என் கேள்வி.

ஒரு பழைய கிளாரெட்டை மதிப்பிடும் முறை இதுதான். முதலில் பாட்டிலை நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது? இளம் பாட்டிலில் கழுத்துவரை இருக்கும். நாற்பது ஆண்டில் தோள்வரை இறங்கலாம், தோளின் நடுவுக்குக் கீழே போனால் கார்க் வழியாகக் காற்று புகுந்திருக்கும் என்று அஞ்ச வேண்டும். பிறகு கோப்பையை வெள்ளைத் தாளின் மேல் சாய்த்து விளிம்பின் நிறம் பார்ப்பது. இளமையில் ஊதா, பிறகு மாணிக்கச் சிவப்பு, பிறகு செங்கல், கடைசியில் பழுப்பு. பிறகு முகர்தல். ஈரமான அட்டைப்பெட்டி, மழைக்காலத்தில் காயாத சாக்கு இவற்றின் வாடை வந்தால் கார்க் கெட்டுவிட்டது. அதற்குக் காரணமான டி.சி.ஏ. என்ற வேதிப்பொருளை சுவிட்சர்லாந்தில் 1981இல்தான் அடையாளம் கண்டார்கள், லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். கெடாத ஒயின் என்றால் பழத்தின் மணம் எவ்வளவு மிச்சம், பழம் போன இடத்தில் என்ன வந்திருக்கிறது என்று தேடுவது. தேவதாரு, புகையிலை, தோல், காளான், உதிர்ந்த இலை. கடைசியாக வாய். புளிப்பு, துவர்ப்பு, உடல், விழுங்கியபின்—வகுப்பில் துப்பியபின்—எத்தனை நொடி நிற்கிறது. இதெல்லாம் முடிந்தபின் கேட்கும் கேள்வி, இன்னும் ஏறுகிறதா, உச்சியில் இருக்கிறதா, இறங்கிவிட்டதா என்பது.

இந்தத் திறமையைப் பரீட்சையாக்கியதும் லண்டன்தான். ஒயின் வணிகர் சங்கம் 1953இல் முதல் ‘மாஸ்டர் ஆஃப் ஒயின்’ தேர்வை நடத்தியபோது 21 பேர் எழுதி 6 பேர் தேறினார்கள். பெயர் தெரியாத 36 ஒயின்களை முகர்ந்து சுவைத்து நாடு, திராட்சை, வயது, தரம் எல்லாம் வாதிட்டு எழுத வேண்டும். ‘வாதிட்டு’ என்பது முக்கியம். விடை சரியாக இருந்தால் மட்டும் போதாது, எப்படி அங்கே வந்தாய் என்று காட்ட வேண்டும். கணினி நிரல் எழுதுகிறவனுக்கு இது உடனே புரியும். இந்தியாவிலிருந்து இந்தத் தேர்வில் முதலில் வென்றவர் சோனல் ஹாலண்ட், 2016இல்.

பிராட்பென்ட் 1960இல் அதை முடித்தவர். ஜேம்ஸ் கிறிஸ்டி 1766 டிசம்பர் 5ஆம் தேதி நடத்திய முதல் ஏலத்திலேயே கிளாரெட் இருந்தது. ஆனால் முறையான ஒயின் துறையாக அதைத் திரும்பக் கட்டியெழுப்ப 1966இல் அழைக்கப்பட்டவர் இவர். கட்டடக்கலை படித்தவர், சைக்கிளில் அலுவலகம் போகிறவர். பிரிட்டனின் பிரபுக்கள் வரி கட்ட முடியாமல் மாளிகைகளைக் காலிசெய்துகொண்டிருந்த காலம். நிலவறை நிலவறையாக இறங்கி, தூசியைத் துடைத்து, எண்ணி, பட்டியலிட்டு ஏலத்துக்குக் கொண்டுவந்தார். குடித்த ஒவ்வொன்றுக்கும் சிறிய சிவப்புக் குறிப்பேட்டில் தேதி, இடம், நிறம், மணம், சுவை என்று வரி எழுதினார். 2020இல் இறக்கும்போது எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட குறிப்புகள் இருந்தன. 1980இல் வந்த அவருடைய பெரிய நூல் அவற்றிலிருந்து எழுந்தது. பீப்ஸின் ஒரு வரியிலிருந்து இங்கே வந்து சேர முந்நூறு ஆண்டு.

அப்படிப்பட்டவரின் மேடையில்தான் 1985 டிசம்பர் 5ஆம் தேதி அந்தப் பாட்டில் வந்தது. கையால் ஊதிய கரும்பச்சைக் கண்ணாடி, அதில் 1787, லஃபீத், ‘தி.ஜே.’ என்று பொறிப்பு. பாரிசில் சுவர் வைத்து அடைத்த ஒரு நிலவறையில் கிடைத்ததாக ஜெர்மானியச் சேகரிப்பாளர் ஹார்டி ரோடன்ஸ்டாக் சொன்னார். முதலெழுத்துகள் தாமஸ் ஜெஃபர்சனுடையவை என்றார்கள், அமெரிக்கத் தூதராகப் பாரிசில் இருந்தவர், ஒயின் பித்தர். நிறுவனத்தின் கண்ணாடி நிபுணர்கள் பாட்டிலும் பொறிப்பும் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கருதினார்கள். அமெரிக்க ஃபோர்ப்ஸ் குடும்பம் 1,05,000 பவுண்டுக்கு எடுத்தது. ஒரு பாட்டிலுக்கு அதுவரை யாரும் கொடுத்திராத விலை. நியூயார்க்கில் கண்காட்சி விளக்கின் கீழ் வைத்தார்கள். சூட்டில் கார்க் சுருங்கி உள்ளே விழுந்துவிட்டது.

அதே தொகுப்பிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட மற்றொரு 1787 பாட்டில் அடுத்த ஆண்டு திறக்கப்பட்டது. அங்கே கூடியிருந்த தேர்ந்த நாவுகள் வியந்து எழுதின. இங்கேதான் எனக்கு விஷயம் சுவாரசியமாகிறது. 1787ஆம் ஆண்டின் ஒயின் எப்படி இருக்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? நாக்கு ஒப்பிட்டுத்தான் தீர்ப்புச் சொல்லும். ஒப்பிட ஒன்றும் இல்லாத இடத்தில் அது கதையைத்தான் சுவைக்கிறது.

பில் கோக் என்ற அமெரிக்கப் பணக்காரர் 1988இல் அதே வகைப் பாட்டில்கள் நான்கை வாங்கினார், கிட்டத்தட்ட ஐந்து லட்சம் டாலர். 2005இல் பாஸ்டன் அருங்காட்சியகம் அவருடைய சேகரிப்பைக் காட்சிக்கு வைக்க விரும்பி, இவை ஜெஃபர்சனுடையவை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டது. ஆதாரம் இல்லை. ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ இல்லத்து ஆய்வாளர்கள் 1985இலேயே ஐயம் சொல்லியிருந்தார்கள். அவர் வரவு செலவைத் தினமும் எழுதிவைத்த ஆள், கடிதங்களுக்குக்கூட நகல் வைத்திருந்த ஆள். அந்தப் பாட்டில்களுக்குப் பொருந்தும் பதிவு ஒன்றும் கணக்கில் இல்லை. முதலெழுத்துகளுக்கு நடுவே அவர் வழக்கமாக இடுவது முக்காற்புள்ளி, பாட்டிலில் இருந்ததோ வெறும் புள்ளி. கோக் வைத்த நிபுணர்கள் பொறிப்பை உருப்பெருக்கியில் பார்த்து, மின்கருவியால் செய்தது என்றார்கள். ரோடன்ஸ்டாக் எல்லாவற்றையும் மறுத்தார், 2018இல் இறந்தார். பிராட்பென்ட் தெரிந்தே தவறாக நடந்தார் என்ற பொருள்பட வந்த புத்தகத்துக்காக அதன் பதிப்பகம் 2009இல் லண்டன் நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் கொடுத்தது. அவர் நேர்மையானவர் என்றே நானும் நினைக்கிறேன். நேர்மையும் எண்பதாயிரம் குறிப்புகளும் இருந்தும் நாவால் காப்பாற்ற முடியாத ஒன்றை, இருநூறு ஆண்டுக்கு முன் ஒருவர் எழுதிவைத்த வீட்டுக் கணக்கு காப்பாற்றியது.

இன்று லண்டன் ஏலங்களில் முதலில் கேட்பது சுவையை அல்ல, இருந்த இடத்தை. யார் வாங்கினார், எந்தக் கிடங்கில் கிடந்தது, எப்போது கைமாறியது. செயின்ட் ஜேம்ஸ் தெருவில் 1698இலிருந்து நடக்கும் பெர்ரி சகோதரர்களின் கடையில் காபி மூட்டை நிறுக்கும் பெரிய தராசு ஒன்று இருக்கிறது. 1765இலிருந்து வாடிக்கையாளர்கள் அதில் ஏறி எடை பார்த்து, எடையைப் பேரேட்டில் எழுதிவைத்தார்கள். கவிஞர் பைரன் எப்போது எத்தனை பவுண்டு இளைத்தார் என்று இன்றும் சொல்லலாம். ஒயினைப் பற்றி இந்த நகரத்துக்கு இருக்கும் அதிகாரம் அந்தப் பேரேட்டிலிருந்து வருகிறது என்று எனக்குத் தோன்றும்.

இனி ‘தெளிந்தது’ என்ற சொல்லுக்கு வருகிறேன். சங்கப் பாடல்களில் மதுவுக்குப் பல பெயர்கள் உண்டு. அவற்றில் ஒன்று தேறல். தேறுதல் என்றால் தெளிதல். வண்டல் இறங்கித் தெளிந்த மது. கிளாரெட்டுக்கு பிரெஞ்சுக்காரன் வைத்த அதே பெயரைத் தமிழன் வைத்திருக்கிறான். இரண்டுக்கும் உறவில்லை, வண்டலைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தோன்றக்கூடியதுதான். ஆனாலும் பாருங்கள், வயதைப் பற்றியும் நம்மவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மூங்கில் குழாயில் அடைத்து முதிர்ந்த தேறல் இருக்கிறது, மண்ணில் புதைத்துப் பக்குவப்பட்டது இருக்கிறது. புறநானூற்றில் ஔவையார் நாள்பட்ட தேறலின் கடுப்பைத் தேளின் கொட்டுக்கு ஒப்பிடுகிறார், சிறுபாணாற்றுப்படையில் அது சீறும் பாம்பு. இவை சுவைக்குறிப்புகள் அல்லாமல் வேறென்ன? நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடும்போது யவனர் கொண்டுவந்த நறுமண மதுவைப் பொற்கலத்தில் மகளிர் ஊற்றித் தருவதைச் சொல்கிறார். புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக்கடல் ஜாடிகளின் உடைந்த துண்டுகள் வந்தன, அவற்றில் ஒயின் ஜாடிகள் கணிசம். புலவரும் மண்ணும் ஒரே சரக்கைப் பற்றிச் சாட்சி சொல்கிறார்கள்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்கே போனது? கள் இருந்தது, குடித்தவர்களும் இருந்தார்கள். எழுதுகிறவர்கள் அதைப் பற்றி அறத்தின் குரலில் மட்டும் எழுதினார்கள். கள்ளுண்ணாமைக்குத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கினார். 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார், 1971இல் விலக்கினார்கள், மீண்டும் கொண்டுவந்தார்கள், மீண்டும் விலக்கினார்கள், 2003இலிருந்து அரசே சில்லறைக்கு விற்கிறது. என் ஊரில் ‘ஒயின் ஷாப்’ என்ற பலகைக்குக் கீழே ஒயினைத் தவிர எல்லாம் கிடைக்கும். குடி குடும்பங்களை அழித்ததைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த மௌனத்தின் நியாயம் தெரியும், எனக்கும் தெரியும். அதைக் குறைசொல்லவில்லை. ஆனால் முகர்ந்து பிரித்தறிந்து சொல்லும் மொழி ஒயினுக்கு மட்டுமானது அல்ல. அது போனபோது அரிசிக்கும் நெய்க்கும் தேனுக்கும் இருந்த நுட்பமான சொற்களில் எத்தனை கூடவே போயின என்பதை யாராவது ஆராய வேண்டும்.

வகுப்பில் கொடுத்த சொற்பட்டியல் எங்கள் மூக்குக்கானது அல்ல. கிளாரெட்டின் முதல் அடையாளம் ‘பிளாக்கரன்ட்’ என்று போட்டிருக்கும். இங்கே ரைபீனா குடித்து வளர்ந்த குழந்தைக்கு அது பால்ய நினைவு. நான் அந்தப் பழத்தைப் பார்த்ததே இருபத்தைந்து வயதில். முதலில் அதை மனப்பாடம் செய்துகொண்டேன், தேர்வுக்கு அதுதான் வேண்டும். தேர்வு முடிந்தபின் என் குறிப்பேட்டைத் தமிழில் எழுத ஆரம்பித்தேன். தென் லண்டனில் ஆறு பேர் காசு போட்டு மாதம் ஒரு பழைய பாட்டில் திறக்கிறோம். ஒருவர் யாழ்ப்பாணம், ஒருவர் மலேசியா, மற்றவர்கள் தமிழ்நாடு. பழுத்த கிளாரெட்டில் ஆங்கிலேயர் ‘சிகார் பெட்டி’ என்று சொல்வதை யாழ்ப்பாணத்து நண்பர் தன் தாத்தாவின் சுருட்டுப் பெட்டி என்றார், அது மொழிபெயர்ப்பு இல்லை, உண்மையான பெட்டி. எனக்கு அதே மணம் மதுரையில் நாட்டு மருந்துக்கடைக்குள் நுழையும்போது வருவது. போன குளிர்காலத்தில் திறந்தது லெயோவில் பார்தோன் 1996. அயர்லாந்துப் பார்தோன் குடும்பம் 1826இலிருந்து வைத்திருக்கும் தோட்டம். அன்று எழுதிய குறிப்பு இது:

மட்டம் கழுத்தின் அடியில். கார்க் கறுத்து, முழுதாக வந்தது. நடுவில் மாணிக்கம், விளிம்பில் செங்கல். முதலில் மூடிக்கிடந்தது, இருபது நிமிடத்தில் திறந்தது. நாவல்பழம், அதைவிட உலர்ந்த நாவல்கொட்டைப் பொடி. சுருட்டுப் பெட்டி. அதிமதுரம். மழை நின்றபின் வேப்பமரத்தடி. புளிப்பு இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. துவர்ப்பு கொட்டைப்பாக்கு அல்ல, களிப்பாக்கு. விழுங்கியபின் நாற்பது எண்ணும்வரை இருந்தது. இறங்கவில்லை. மிச்சம் இரண்டு பாட்டிலை 2030 வரை தொடவேண்டாம்.